துளைத் தட்டுக் கோபுரம்: முதலில் ஹீட்டரைச் சொல்லுங்கள்

சாராயம் காய்ச்சி வடிக்கும் கோபுரங்களுக்குள் தட்டுகள் எப்படி வேலை செய்கின்றன என்று சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளே இந்த மாதப் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டன. பாதிக் கேள்விகள் நியூசிலாந்திலிருந்து வந்திருக்கின்றன. அங்கே 1996ஆம் ஆண்டின் சுங்க, கலால் சட்டம் வந்ததிலிருந்து, சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வடித்துக்கொள்ளச் சட்டமே இடம் கொடுக்கிறது, உரிமம் இல்லாமல் விற்கத்தான் கூடாது. அதனால் அங்கே இது நம் ஊர்க்காரர்களும் கராஜில் வைத்துச் செய்யும் பொழுதுபோக்கு. தமிழ்நாட்டு, இலங்கை வாசகர்களுக்கு நிலைமை வேறு, அதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். 50 லிட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாய்லர், கோபுரத்துக்கு 4 அங்குலக் குழாய், 3,000 வாட் ஹீட்டர் வைத்திருக்கிறேன். நான்கு துளைத் தட்டுகள் நானே செய்யலாம் என்று செம்புத் தகடு வாங்கிவிட்டேன். ஒரு தட்டில் எத்தனை துளை, என்ன அளவு? கேட்கிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண் சொல்கிறார்கள்.
- ஒரு வாசகர், ஹாமில்டன், நியூசிலாந்து

பதில்: ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண் சொல்வதற்குக் காரணம், எல்லோரும் குழாயின் அகலத்தை வைத்துச் சொல்கிறார்கள். துளைகளின் எண்ணிக்கையை முடிவு செய்வது உங்கள் ஹீட்டர். அதே 4 அங்குலக் குழாய்க்கு 2,000 வாட்காரருக்கு ஒரு எண், 5,000 வாட்காரருக்கு அதைப்போல இரண்டரை மடங்கு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எட்டாம் வகுப்புக் கணக்கு.

ஏன் என்று பார்ப்போம். துளைத் தட்டின் மேல் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குத் திரவம் நிற்க வேண்டும், கீழேயிருந்து வரும் ஆவி துளைகள் வழியாக அதற்குள் புகுந்து, நுரைத்து, தன்னிடமிருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் விட்டுவிட்டு, திரவத்திலிருக்கும் ஆல்கஹாலைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு மேலே போக வேண்டும். தட்டில் மூடியோ வால்வோ எதுவும் கிடையாது, திரவத்தைத் துளை வழியே கீழே விழாமல் தாங்கிப் பிடிப்பது ஆவியின் வேகம் ஒன்றுதான். வேகம் குறைந்தால் திரவம் துளை வழியாகவே ஒழுகிவிடும், தட்டு காய்ந்து கிடக்கும். வேகம் அளவுக்கு மீறினால் திரவத்தை மேல்தட்டுக்கே அள்ளிக்கொண்டு போகும். அந்த வேகத்தைத் தருவது வெப்பம், வெப்பம் தருவது ஹீட்டர்.

சரி, கணக்கு. 3,000 வாட்டில் பாய்லர் சுவரிலும் குழாயிலும் போவதைக் கழித்தால் 2,700 வாட் ஆவியாக்குவதற்கு மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம் (பாய்லருக்கு நன்றாக உறை சுற்றியிருந்தால் இது நியாயமான எண்). ஒரு மோல் எத்தனாலை ஆவியாக்க ஏறக்குறைய 38.6 கிலோஜூல் வேண்டும், ஒரு மோல் தண்ணீருக்கு 40.7. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது நமக்கு வசதி, கலவை எப்படி மாறினாலும் ஆவியின் அளவு பெரிதாக மாறாது. ஆக நொடிக்கு 0.068 மோல் ஆவி. கொதிக்கும் சூட்டில் ஒரு மோல் ஆவி 29 லிட்டர் இடம் பிடிக்கும். பெருக்கினால் நொடிக்கு 2 லிட்டர் ஆவி. உங்கள் கோபுரத்தில் மேலே ஏறப்போவது இவ்வளவுதான்.

2 மில்லிமீட்டர் துளை, தட்டின் மேல் 12 மில்லிமீட்டர் திரவம் என்றால், ஒழுகாமல் தாங்க ஆவி துளைக்குள் நொடிக்கு 6 மீட்டர் வேகத்திலாவது போக வேண்டும். கீழ்த்தட்டுகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக, 7 மீட்டர் வேண்டும், ஏனென்றால் அங்கே ஆவியில் தண்ணீர்தான் அதிகம், தண்ணீர் ஆவி எத்தனால் ஆவியைவிட லேசு, லேசான ஆவிக்குத் தூக்கும் பலம் குறைவு. நொடிக்கு 2 லிட்டரை 7 மீட்டரால் வகுத்தால் சுமார் 2.8 சதுர சென்டிமீட்டர். ஒரு 2 மில்லிமீட்டர் துளையின் பரப்பு 3.14 சதுர மில்லிமீட்டர். ஆக, 90 துளைகள். 3 மில்லிமீட்டர் டிரில் பிட்தான் இருக்கிறது என்றால் 40 துளைகள்.

இந்த எண்ணைப் பார்த்ததும் 'இவ்வளவு குறைவா' என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும், 90 துளைகளும் சேர்ந்து தட்டின் பரப்பில் நான்கு சதவீதம்கூட இல்லை. ஆனால் அதுதான் சரி. சந்தேகமாக இருந்தால் 80 போட்டு ஓட்டிப் பாருங்கள், வேண்டுமானால் அப்புறம் பத்து சேர்க்கலாம், போட்ட துளையை அடைப்பதுதான் பெரிய வேலை.

இன்னொன்றையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். 90 துளை போட்டால், ஆவியாக்குவதற்குப் போகும் வெப்பம் சுமார் 2,300 வாட்டுக்குக் கீழே இறங்கும்போது மேல்தட்டுகளிலும் ஒழுகல் தொடங்கிவிடும். நிதானமாக, குறைந்த சூட்டில் மெதுவாக எடுப்பதுதான் உங்கள் பழக்கம் என்றால் 70 துளையோடு நிறுத்துங்கள், 1,800 வாட் வரை மேல்தட்டுகள் தாங்கும். துளைத் தட்டின் ஒரே பெரிய குறை இது, சூட்டைக் கூட்டிக் குறைத்து விளையாட அது அதிகம் இடம் தராது. அந்தச் சுதந்திரம் வேண்டுமென்றால் மூடி வைத்த குமிழ்த் தட்டுக்குப் போக வேண்டும், அதில் ஆவி போகிற குழல் திரவ மட்டத்துக்கு மேலே நிற்பதால் சூடு குறைந்தாலும் ஒழுகாது, ஆனால் விலையும் வேலையும் பல மடங்கு.

துளைகளை முக்கோண அமைப்பில், மையத்துக்கு மையம் 8 மில்லிமீட்டர் விட்டு வையுங்கள். சுவரிலிருந்து 5 மில்லிமீட்டர் வெறும் விளிம்பு இருக்கட்டும், இறங்கு குழாயை (தட்டில் மிஞ்சும் திரவம் கீழ்த்தட்டுக்கு இறங்கும் குழாய்) சுற்றியும் துளை வேண்டாம். காகிதத்தில் வரைந்து ஒட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் சென்டர் பஞ்ச் தட்டி, நான்கு தகடுகளையும் ஒன்றாக அடுக்கி, மேலும் கீழும் பிளைவுட் வைத்துப் பிடித்துத் துளையுங்கள். மெல்லிய செம்பை வெறுமனே துளைத்தால் பிட் வெளியேறும் பக்கம் தகடு கிழிந்து பிசிறு எழும்பும். அந்தப் பிசிறை அப்படியே விட்டால் ஒரே பிட்டில் போட்ட துளைகளே ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஆவியை விடும். பெரிய பிட் ஒன்றைக் கையால் திருப்பி இரண்டு பக்கமும் பிசிறு எடுங்கள், விரலை ஓட்டினால் எதுவும் தட்டக் கூடாது. தகடு 1 முதல் 1.5 மில்லிமீட்டர் கனம் இருந்தால் வளையாது.

3,000 வாட்டுக்கு 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் வரும். வீட்டுச் சுவரிலிருக்கும் சாதாரண 10 ஆம்பியர் பிளக்கில் அதை மாட்டவே கூடாது, எலக்ட்ரிஷியனை வைத்துத் தனி இணைப்பு போடுங்கள்.

கேள்வி: கடையில் ஏற்கெனவே துளை போட்ட ஸ்டீல் தகடு கிடைக்கிறதே, அதையே வட்டமாக வெட்டிப் போட்டால் என்ன? 90 துளை கையால் போடும் வேலை மிச்சம்.
- வெலிங்டன் வாசகி

பதில்: வேண்டாம். கடையில் கிடைக்கும் தகடுகளில் பரவலாக இருப்பது 2 மில்லிமீட்டர் துளை, 3.5 மில்லிமீட்டர் இடைவெளி என்ற மாதிரிதான். அதில் திறந்த பரப்பு 30 சதவீதம் வந்துவிடும். மேலே பார்த்த அதே நொடிக்கு 2 லிட்டர் ஆவி அதற்குள் போனால் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர்கூட வராது. ஒரு சொட்டுத் திரவம்கூட மேலே நிற்காது, எல்லாம் மழை மாதிரிக் கொட்டும், நீங்கள் நான்கு தட்டு போட்டும் வெறும் குழாய் வைத்த பலன்தான் கிடைக்கும். பெரிய ஆலைகளிலும் துளைகளின் பரப்பைப் பத்து சதவீதத்தை ஒட்டியே வைக்கிறார்கள், அங்கே ஆவியின் வேகம் நம்மைவிடப் பல மடங்கு இருந்தும்கூட.

வெட்டுக் கூலி கொடுக்கத் தயார் என்றால் லேசர் வெட்டும் பட்டறையில் உங்கள் வரைபடத்தைக் கொடுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வெட்டி வாங்குங்கள், 304 ரகம் போதும். செம்பு கொஞ்சமாவது ஆவியின் வழியில் இருக்க வேண்டும், நொதித்தலில் வரும் கந்தகச் சேர்மங்களைப் பிடித்துக்கொள்வது அதுதான், அழுகிய முட்டை நாற்றம் போவது அதனால்தான். தட்டு ஸ்டீலாக இருந்தால் மேலே கொஞ்சம் செம்பு வலையைத் திணித்துவிடலாம். செம்பு கறுத்துக்கொண்டே வந்தால் பயப்பட வேண்டாம், அது வேலை செய்கிறது என்று அர்த்தம், எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்தால் மறுபடி பளிச்சென்று ஆகிவிடும்.

கேள்வி: எனக்கு இறங்கு குழாய் விஷயம் பிடிபடவே இல்லை. துளை இருக்கும்போது திரவம் இறங்கத் தனியாகக் குழாய் எதற்கு? எவ்வளவு பெரிதாக, எவ்வளவு உயரமாக வைப்பது?
- ஆக்லாந்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: துளை ஆவிக்கு, குழாய் திரவத்துக்கு. இரண்டும் ஒரே வழியில் வந்தால் ஒன்றை ஒன்று தள்ளும். இறங்கு குழாயே இல்லாமல் செய்யும் தட்டுகளும் உண்டு, ஆனால் அவற்றைச் சரியான ஒரே ஒரு சூட்டில்தான் ஓட்ட முடியும், முதல் தடவை செய்பவருக்கு அது வேண்டாம்.

இறங்கு குழாயின் மேல் வாய் தட்டிலிருந்து எவ்வளவு உயரமோ, அவ்வளவுதான் தட்டின் மேல் நிற்கும் திரவம். 10 முதல் 12 மில்லிமீட்டர் வையுங்கள். உயரம் கூடினால் பிரிப்பு நன்றாக இருக்கும் என்று 25, 30 என்று வைப்பவர்கள் உண்டு, அப்போது ஆவி கூடுதல் எடையைத் தாங்க வேண்டும், மேலே சொன்ன 6, 7 மீட்டர் போதாமல் போய் எல்லாக் கணக்கும் மாறிவிடும்.

குழாயின் அகலத்துக்கு வருவோம். மேலே போன ஆவி முழுதும் கண்டென்சரில் குளிர்ந்து திரும்பி வந்தாலும், 3,000 வாட் ஹீட்டருக்கு நிமிடத்துக்கு 230 மில்லிலிட்டர்தான் இறங்கும். ஒரு பெரிய டம்ளர் அளவு. 13 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சாதாரண அரை அங்குலச் செம்புக் குழாய் அதற்குத் தாராளம். ஆனால் குழாய்க்குள் இறங்குவது நுரையோடு சேர்ந்த திரவம், நுரை அடங்கி ஆவி மேலே திரும்பிப் போக அவகாசம் வேண்டும், அதனால் இதைவிடச் சிறிதாகப் போகாதீர்கள்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது குழாயின் கீழ் நுனியில். அது கீழ்த்தட்டின் திரவத்துக்குள் முங்கியிருக்க வேண்டும், தட்டுக்கும் குழாய் நுனிக்கும் நடுவே 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு. முங்காவிட்டால் ஆவி துளையை விட்டுவிட்டுக் குழாய் வழியாகவே சுலபமாக மேலே ஏறிவிடும், திரவம் இறங்க வழியில்லாமல் மேலே தேங்கும், அப்புறம் திடீரென்று மொத்தமாகக் கொட்டும். தொடங்கும்போது தட்டுகள் எல்லாம் காலியாகத்தானே இருக்கும், அப்போது முங்குவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் குழாய் நுனிக்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணம் பற்றவைப்பது, முதலில் வரும் கொஞ்சம் திரவமே அதை நிரப்பி வழியை மூடிவிடும். கடைசித் தட்டின் குழாய் பாய்லருக்குள் போகிறது, அதற்குக் கீழே தட்டு இல்லை, ஆகவே கிண்ணம் அதற்குக் கட்டாயம்.

அடுத்தடுத்த தட்டுகளில் குழாய் எதிரெதிர்ப் பக்கம் வரட்டும், திரவம் தட்டின் குறுக்கே நடந்து போனால்தான் எல்லாத் துளைகளின் மேலும் பரவும். தட்டுக்கும் தட்டுக்கும் 12 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஆவி ஒவ்வொரு தட்டையும் தாண்ட அழுத்தம் தேவை, அந்த அழுத்த வித்தியாசத்தால் இறங்கு குழாய்க்குள் திரவம் ஓரளவு உயர்ந்து நிற்கும், நுரையோடு சேர்த்துப் பார்த்தால் அந்த உயரம் 10 சென்டிமீட்டர் வரை போகலாம். 4 அங்குல இடைவெளியில் கோபுரம் கட்டி, சூட்டைக் கூட்டியதும் மேலே வெள்ளம் வருகிறதே என்று எழுதியிருக்கும் இன்னொரு வாசகருக்கும் இதுதான் பதில்.

பற்றவைக்க ஈயம் கலக்காத பற்றாசைத்தான் (சால்டர்) பயன்படுத்த வேண்டும், இதில் சமரசமே கிடையாது. அமெரிக்காவில் பழைய கார் ரேடியேட்டரைக் கண்டென்சராக வைத்துக் காய்ச்சிய சாராயத்தால் ஈய நஞ்சு ஏறியவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் நிறையவே பதிவாகியிருக்கிறது. கேஸ்கெட் டெஃப்லானில் இருக்கட்டும். தட்டின் விளிம்புக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே ஆவி நழுவாமல் அந்தக் கேஸ்கெட் இறுக்கமாக உட்கார வேண்டும். அரை மில்லிமீட்டர் இடைவெளி சுற்றிலும் விட்டால் அதன் பரப்பு 1.5 சதுர சென்டிமீட்டருக்கு மேல், அதாவது உங்கள் துளைகளின் மொத்தப் பரப்பில் பாதிக்கு மேல்.

அப்புறம், ரசமட்டம். தட்டில் நிற்பதே 12 மில்லிமீட்டர் திரவம், கோபுரம் கொஞ்சம் சாய்ந்து ஒரு பக்கம் 4 மில்லிமீட்டர் தாழ்ந்தால் தாழ்ந்த பக்கத்துத் துளைகள் ஒழுகும், உயர்ந்த பக்கம் ஆவி சும்மா சீறிக்கொண்டு போகும். பாய்லரை வைத்தவுடன் இரண்டு திசையிலும் மட்டம் பாருங்கள்.

கேள்வி: நான்கு தட்டு போட்டால் எத்தனை சதவீதம் வரும்? வோட்கா மாதிரிச் சுத்தமாக எடுக்க எத்தனை தட்டு வேண்டும்?
- கிறைஸ்ட்சர்ச் வாசகர்

பதில்: பத்து சதவீத ஆல்கஹால் உள்ள ஊறலைக் கொதிக்க வைத்தால், வரும் முதல் ஆவியிலேயே 53 சதவீதம் அளவுக்கு ஆல்கஹால் இருக்கும். அதைக் குளிரவைத்து மறுபடி ஆவியாக்கினால் 82, அடுத்தது 89, அதற்கடுத்தது 92. ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் சின்னதாகிக்கொண்டே போவதைப் பாருங்கள். 97.2 சதவீதத்தில் அது நின்றே விடும், அங்கே ஆவியும் திரவமும் ஒரே கலவையாக இருக்கும், 78.2 டிகிரியில் கொதிக்கும், சாதாரணக் காற்றழுத்தத்தில் எத்தனை தட்டு அடுக்கினாலும் தாண்ட முடியாது.

இந்தப் படிகள் எல்லாம் குறையே இல்லாத தட்டுக்கு, அதுவும் வடிந்ததை வெளியே எடுக்காமல் முழுவதையும் உள்ளேயே திருப்பி விடும்போது. கையால் செய்த துளைத் தட்டு அதில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வேலை செய்தால் நல்ல தட்டு. நான்கு தட்டு என்றால் பாய்லரின் ஒரு படியையும் சேர்த்து மூன்றரைப் படி கிடைக்கும், நிதானமாக எடுத்தால் எண்பதுகளில் வரும்.

இது குறை இல்லை, உங்களுக்கு வேண்டியதே அதுதான். ரம், பிராந்தி, விஸ்கி மாதிரி வாசனையோடு வர வேண்டியவற்றுக்கு நான்கிலிருந்து ஆறு தட்டு பொருத்தமானது, பழத்தின் மணமும் தங்கும், கனமான எண்ணெய்களும் கீழே நின்றுவிடும். வோட்கா போல மணமே இல்லாமல் வேண்டுமென்றால் தட்டை விட்டுவிட்டு, ஒரு மீட்டருக்குக் குறையாத குழாயில் செம்பு வலையோ ஸ்டீல் சுருளோ நிரப்பிய கோபுரத்துக்குப் போங்கள், அதே உயரத்தில் தட்டைவிட அது பல மடங்கு பிரிக்கும். இருபது தட்டு செய்து அடுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, வீட்டுக் கூரையும் அதற்கு இடம் தராது.

இன்னொன்று, கோபுரத்தின் தலையில் ஆவியின் ஒரு பகுதியைக் குளிரவைத்துக் கீழே திருப்பும் கண்டென்சர் இல்லாவிட்டால் தட்டுகளுக்குத் திரவமே வராது. அது இல்லாமல் தட்டு மட்டும் செய்து மாட்டிவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று கேட்காதீர்கள். சோளம், பார்லி மாவோடு சேர்த்து அப்படியே கொதிக்க வைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் விடுங்கள், பொங்கி மேலே வந்தால் 2 மில்லிமீட்டர் துளைகள் அடைத்துக்கொள்ளும், துளை அடைத்தால் பாய்லரில் அழுத்தம் ஏறும். வடிகட்டிய தெளிவான ஊறலை மட்டும் ஊற்றுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் தென்னங்கள்ளிலிருந்து சாராயம் வடிக்கும் பெரிய ஆலைகளில் உயரமான கோபுரங்கள் இருக்கின்றன. அவற்றுக்குள்ளும் இதே துளைத் தட்டுதானா? யார் கண்டுபிடித்தது?
- களுத்துறை வாசகர், இலங்கை

பதில்: அந்தக் கோபுரங்களின் மூதாதைக்குள் இருந்தது துளைத் தட்டுதான். 1813இல் பிரான்சில் செலியே புளூமென்தால் என்பவர் தட்டுகள் வைத்த தொடர் வடிகோபுரத்துக்குக் காப்புரிமை எடுத்தார். 1820களின் இறுதியில் ஸ்காட்லாந்தில் ராபர்ட் ஸ்டைன் ஒன்று செய்தார். 1830இல் ஏனியஸ் காஃபி செய்ததுதான் உலகமெல்லாம் பரவியது. அவர் அயர்லாந்தில் கலால் துறையின் தலைமை ஆய்வாளராக இருந்தவர், திருட்டுச் சாராயம் பிடிப்பதே வேலையாக இருந்ததால் ஒவ்வொரு வகை வடிகலனின் உள்ளும் புறமும் அவருக்கு அத்துப்படி.

அவருடைய அமைப்பில் இரண்டு கோபுரங்கள். முதலாவதில் துளையிட்ட செம்புத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும், மேலேயிருந்து ஊறல் தட்டுத் தட்டாக இறங்கும், கீழேயிருந்து நீராவி துளைகள் வழியே ஏறி ஆல்கஹாலைப் பிரித்தெடுத்துக்கொண்டு போகும். அந்த ஆவி இரண்டாவது கோபுரத்தில் செறிவாகும், அங்கே குளிரூட்டும் வேலையை உள்ளே சுருண்டு போகும் குழாயிலிருக்கும் குளிர்ந்த ஊறலே செய்யும், அதனால் ஊறலும் இலவசமாகச் சூடாகிவிடும். எரிபொருளை இவ்வளவு மிச்சம் பிடித்த ஒரு ஏற்பாட்டை அந்தக் காலத்தில் யோசித்தது பெரிய விஷயம். கயானாவின் டைமண்ட் வடிசாலையில் மரத்தால் கட்டிய காஃபி கோபுரம் இன்றும் ரம் வடித்துக்கொண்டிருக்கிறது.

தொடர்ந்து ஓடும் கோபுரத்தில் சூடும் ஊறலும் மாறாமல் ஒரே அளவில் வரும், அதனால்தான் துளைத் தட்டு அங்கே அவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது. வீட்டில் ஒரு பாய்லர் ஊற்றிக் காய்ச்சும்போது நேரம் போகப்போக ஆல்கஹால் குறைந்து, ஆவி லேசாகி, கடைசிக் கட்டத்தில் கீழ்த்தட்டு ஒழுகத் தொடங்கும். ஹாமில்டன் வாசகரும் இதை எதிர்பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நான் விழுப்புரம் மாவட்டத்துக்காரன். இவ்வளவு விவரமாக எழுதுகிறீர்கள், இதையெல்லாம் முறையாகச் செய்தால் கள்ளச்சாராயச் சாவுகள் வராது இல்லையா? முதலில் வருவதைக் கொட்டிவிட்டால் விஷம் போய்விடும் என்கிறார்களே?

பதில்: தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் வடிப்பது குற்றம், இலங்கையிலும் உரிமம் இல்லாமல் வடிக்கக் கூடாது. அது முதல் விஷயம்.

இரண்டாவது, நம் ஊரில் நடந்த சாவுகளுக்குக் காரணம் தட்டோ கோபுரமோ சரியில்லாதது அல்ல. 2023 மே மாதம் மரக்காணம், சித்தாமூர் பக்கம் இருபதுக்கும் மேற்பட்டவர்கள், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது, தொழிற்சாலை மெத்தனாலைத் தண்ணீரில் கலந்து சாராயம் என்று விற்றதால். சர்க்கரையோ வெல்லமோ நொதிக்கும்போது மெத்தனால் கிட்டத்தட்ட வருவதே இல்லை, பழங்களில் பெக்டின் இருப்பதால் கொஞ்சம் வரும், அந்த அளவு வேறு, டிரம் டிரம்மாக வாங்கிக் கலப்பது வேறு. மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது, கண் நரம்பைத்தான் முதலில் தாக்குகிறது, குடித்த பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். பார்வை மங்கினாலோ, வயிற்றுவலியோடு மூச்சு வாங்கினாலோ போதை தெளியட்டும் என்று படுக்கப் போடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், நேரத்தோடு போனால் மாற்று மருந்து உண்டு, ரத்தத்தைச் சுத்திகரித்துக் காப்பாற்றவும் முடியும்.

முதலில் வருவதைக் கொட்டினால் போதும் என்பது ஆபத்தான பேச்சு. மெத்தனால் தனியாக இருந்தால் 64.7 டிகிரியில் கொதிக்கும், உண்மைதான். ஆனால் தண்ணீரோடும் எத்தனாலோடும் கலந்திருக்கும்போது அது வரிசையில் நின்று முதலில் வெளியேறாது, சாதாரணப் பானையில் வடித்தால் தொடக்கத்திலிருந்து கடைசி வரை கலந்தே வரும். தொழிற்சாலை ஸ்பிரிட்டையோ, மெத்தனால் கலந்து கெடுத்த ஸ்பிரிட்டையோ எந்தக் கோபுரத்தில் ஊற்றினாலும் குடிக்கத் தக்கதாக ஆக்க முடியாது. நியூசிலாந்து வாசகர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

சொந்தமாக நொதிக்க வைத்ததை வடிக்கும்போது உண்மையான ஆபத்து தீ. எத்தனால் ஆவி காற்றில் 3.3 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும், காற்றைவிடக் கனமானதால் தரையோடு தவழ்ந்து மூலையில் போய்த் தேங்கும். அதனால் கேஸ் அடுப்பு வேண்டவே வேண்டாம். கண்டென்சருக்குத் தண்ணீர் ஓடத் தொடங்கியபின் ஹீட்டரைப் போடுங்கள், வடிந்து வெளியேறும் வழி எப்போதும் திறந்தே இருக்கட்டும், ஓடும்போது பக்கத்தை விட்டு நகராதீர்கள்.

கேள்வி: கெமிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சல்லடைத் தட்டு பாடத்தில் இருக்கிறது, ஒழுகல், வெள்ளம் எல்லாம் படமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆல்கஹால் இல்லாமல் நேரில் பார்க்க வழி உண்டா?
- மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தாராளமாக உண்டு தம்பி, காற்றும் தண்ணீரும் போதும். தட்டு செய்யும் பெரிய நிறுவனங்களே புதுத் தட்டை அப்படித்தான் முதலில் சோதிக்கின்றன. 4 அங்குல அக்ரிலிக் குழாய் வாங்கிக்கொள், இங்கே ஆல்கஹாலும் சூடும் இல்லாததால் அக்ரிலிக் பரவாயில்லை (நிஜக் கோபுரத்தில் கண்ணாடிதான் வேண்டும்). 90 துளை போட்ட ஒரு தட்டு, அதற்கொரு இறங்கு குழாய், மேலே மெல்லிய தண்ணீர்க் குழாய். கீழேயிருந்து காற்று ஊத ஒரு சின்ன புளோயர், ஆனால் அது தரும் காற்று நமக்கு வேண்டியதைவிட மிக அதிகம், அதனால் பக்கத்தில் ஒரு வால்வு வைத்து மிச்சத்தை வெளியே விட்டுவிடு. காற்றை அளக்க ரோட்டாமீட்டர் உங்கள் ஆய்வகத்திலேயே இருக்கும்.

காற்றை நிமிடத்துக்கு 120 லிட்டரிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வா. முதலில் தட்டு முழுதும் ஒரே மாதிரி நுரைக்கும். பிறகு ஓரத்தில் ஒன்றிரண்டு துளைகள் மட்டும் சொட்டும், தட்டு லேசாகச் சாய்ந்திருந்தால் தாழ்ந்த பக்கம்தான் முதலில் சொட்டும், அதை வேண்டுமென்றே சாய்த்தும் பார். இன்னும் குறைத்தால் நுரை ஒரு பக்கமாக ஒதுங்கி ஊசலாட ஆரம்பிக்கும், கடைசியில் மொத்தத் தண்ணீரும் கீழே இறங்கிவிடும். ஒவ்வொரு நிலையிலும் தட்டுக்கு மேலும் கீழும் உள்ள அழுத்த வித்தியாசத்தை ஒரு யு குழாயில் குறித்துக்கொண்டு, துளை வேகத்துக்கு எதிராக வரைந்து பார், ஒழுகல் தொடங்கும் இடத்தில் கோட்டின் போக்கு மாறுவது கண்ணுக்குத் தெரியும். அப்புறம் அதே தட்டில் இருபது துளையை டேப் ஒட்டி மூடிவிட்டு மறுபடி ஓட்டு. ஒழுகல் தொடங்கும் காற்றின் அளவு எவ்வளவு குறைகிறது என்று எழுதி அனுப்பு, ஹாமில்டன் வாசகருக்கு 90 துளையா 70 துளையா என்று முடிவு செய்ய அது உதவும்.